கரண்டே வேண்டாத பெட்டி

கீழ்வீட்டுத் தையல்காரம்மா மன்னிப்புக் கேட்க மாடியேறி வந்தபோது, ஜூஸ்காரன் பெட்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மதியம் இரண்டரை மணி இருக்கும். காலை ஆறு மணியிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கால்கள். குதிகால் தரையில் பட்டாலே விண்விண்ணென்று தெறித்தது. அவன் மனைவி அடுப்படியில் மிக்ஸி ஜாரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பிளேடுக்கு அடியில் சிக்கிய தர்பூசணி விதைகளைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, தூங்கிட்டீங்களா?"

"இல்லக்கா. வாங்க, உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. கழுத்தில் அளவு டேப் தொங்கியது, தோளெல்லாம் நூல் துணுக்கு. கையில் நாலாக மடித்த காகிதம்.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. கரண்ட் பில் வந்திருக்கு. போன தடவைக்கு ரெண்டு மடங்கு."

"ரெண்டு மடங்கா?"

"எனக்கும் பார்த்ததும் மயக்கமே வந்துடுச்சு. அப்புறம் நானே உக்காந்து யோசிச்சுப் பார்த்தேன். எல்லாம் எங்க வீட்டு வேலைதான். மிஷினுக்கு மோட்டார் மாட்டியிருக்கேன்ல, அது ஒண்ணு. இவருக்கு ரெண்டு மாசம் முன்னாடி காத்து மெத்தை வாங்கினோம்ல, அது ராவும் பகலும் நிக்காம ஓடுது. வேற என்ன இருக்கு இந்த வீட்டுல? உங்களுக்கும் சேர்த்துப் பாரமாயிட்டோம். மன்னிச்சிடுங்க தம்பி."

"இதுல என்னக்கா மன்னிப்பு..." என்று அவன் ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துச் சன்னலோரம் இருந்த பெட்டி உள்ளுக்குள் சூடேறி, உய்யென்று காற்றைத் துப்ப ஆரம்பித்தது.

"அது என்ன சத்தம்?"

"ஃபேன்தான்க்கா."

பொய் என்று சொல்ல முடியாது. பெட்டிக்குள் சுற்றுவதும் ஒரு ஃபேன்தான்.

"உங்களுக்கு என்ன தம்பி, யோகக்காரர். பேட்டரிப் பெட்டி வாங்கிட்டீங்க, கரண்டே வேணாம். நாங்கதான் இழுத்துக் குடிக்கிறோம். அதனால இந்தத் தடவையிலேர்ந்து பாதிப் பாதி வேணாம். மூணுல ரெண்டு பங்கு நான் தர்றேன். நீங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது."

ஜூஸ்காரன் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "பார்த்துக்கலாம்க்கா" என்றான். அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு, இறங்கிப் போகிற வழியில் "நல்ல மனசு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

அவனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஐஸ்கம்மி என்றால்தான் தெரியும். யார் வந்து நின்றாலும் "ஐஸ் கம்மியா, ஜாஸ்தியா?" என்று கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட பெயர். வண்டியில் முன்பு ஜெனரேட்டர்தான் வைத்திருந்தான். அது புகையைக் கக்கும், இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி கத்தும். 'உள்ள நோயாளிங்க படுத்திருக்காங்க, இனி இந்தச் சனியனை இங்க வெச்சா வண்டியையே எடுக்கச் சொல்லிடுவோம்' என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். போன பில் கட்டிய கையோடு மனைவியின் வளையல் இரண்டு போய், பெட்டி ஒன்று வந்தது. கைப்பிடி வைத்த சாம்பல் நிறப் பெட்டி. முன்பக்கம் கண்ணாடிச் சதுரத்தில் எண் ஒளிரும். நூறில் கிளம்பினால், மதியம் கடைசிக் கிளாஸ் அடிக்கிறபோது ஐந்தோ ஆறோ நிற்கும்.

வந்த புதிதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டிக்கு வயர் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. மிக்ஸி மட்டும் சுற்றுகிறது. வந்தவர் போனவரெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "எதுல ஓடுது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கரண்டே வேணாம்! பெட்டியே பார்த்துக்கும்!" என்று சொன்னான். ஒரு அட்டையில் எழுதி வண்டியில் கட்டியும் விட்டான். அவன் வாயால் கிளம்பிய பேச்சுதான் தெருவைச் சுற்றிவிட்டுத் தையல்காரம்மா வாயில் வந்து நின்றது. மேலே ஒருவன் தினமும் சுவரில் சொருகித்தான் அந்தப் பெட்டியை நிரப்புகிறான் என்று அவளுக்குத் தோன்ற வழியே இல்லை.

அவனுக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை என்பதுதான் உண்மை. விற்ற கடைக்காரர், "ஒரு தடவை ரொம்ப ஒரு யூனிட்டுங்க, ஒரு மிட்டாய்க் காசு" என்று சொல்லியிருந்தார். போனுக்குச் சார்ஜ் போடுவது போலத்தான் அதையும் நினைத்திருந்தான்.

மாடிப்படிக்கு அடியில் மீட்டர் ஒன்றே ஒன்று. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்து அதுதான். குடிவந்த நாளில் வீட்டுக்காரர், "பாதிப் பாதி போட்டுக்குங்க, எனக்கு அந்தப் பஞ்சாயத்தெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக அப்படியே நடந்தது. ஒரு சொல் மேலே கீழே போனதில்லை.

"அக்கா பாவங்க" என்றாள் மனைவி, ஜாரைத் துடைத்துக்கொண்டே. "நம்ம பெட்டியும் இழுக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இழுக்கும். எவ்வளவு இழுக்கும்? ஒரு மிட்டாய்."

"மிட்டாயோ என்னவோ. அந்தம்மா மன்னிப்புக் கேக்குது, நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க."

"நான் கேக்கச் சொன்னேனா? அவங்களா வந்தாங்க, அவங்களா கணக்குப் போட்டாங்க. மெத்தை ராத்திரி பகலா ஓடுது. அதுதான் இருக்கும்."

"அப்ப ஏன் ஃபேன்னு சொன்னீங்க?"

அவன் எழுந்து போய் முகம் கழுவினான். மறுநாள் தையல்காரம்மா கொண்டுவந்து கொடுத்த இரண்டு பங்கையும் தன்னுடைய ஒரு பங்கையும் சேர்த்து அவனே பில்லைக் கட்டிவிட்டு வந்தான்.

அந்த வாரத்திலிருந்து கீழ்வீட்டுச் சத்தம் மாறியது. ர்ர்ர் என்று ஒரே மூச்சில் ஓடும் தையல் மிஷின், கடக்கடக்கென்று மிதித்து மிதித்து ஓடத் தொடங்கியது. மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலம். நூற்றைம்பது சட்டை பாக்கி. ஐம்பத்திரண்டு வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். ஃபிரிட்ஜை அணைத்து, கதவைத் திறந்து போட்டு உள்ளே பழைய துணிகளை அடுக்கினாள். இதையெல்லாம் மனைவிதான் வந்து சொன்னாள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் எலுமிச்சம்பழத்தை எண்ணுவான்.

மூன்றாம் வாரம் ரீடிங் எடுப்பவர் வண்டிக்கு வந்தார். வீடு வீடாக மீட்டர் பார்த்துக் குறிக்கிறவர். வெயிலில் நடந்து நடந்து செருப்பு மட்டும் வாரத்துக்கு ஒன்று தேய்கிறது என்பார். ஆரஞ்சுதான் குடிப்பார், சர்க்கரை போடக் கூடாது.

"என்ன ஐஸ்கம்மி, உங்க வீட்டு மீட்டர் இந்தத் தடவை குதிரை மாதிரி ஓடியிருக்கு? புதுசா என்ன வாங்கிப் போட்டீங்க?"

"நாங்க ஒண்ணும் வாங்கலை சார். கீழ்வீட்டுல பெரியவருக்கு ஒரு காத்து மெத்தை. படுத்த படுக்கையா இருக்காருல்ல, புண்ணு வராம இருக்க. அது நிக்காம ஓடுது."

"அதுவா? மெத்தைக்குக் கால்மாட்டுல தொங்குமே, டப்பா மாதிரி ஒரு சின்ன மோட்டார்? ஜீரோ வாட்ஸ் பல்பு தெரியுமா உனக்கு, அந்த அளவுதான் அது. வருஷம் பூரா ஓட்டினாலும் மீட்டருக்கே தெரியாது."

"அப்ப தையல் மோட்டார்?"

"அதுவும் பெருசா ஒண்ணுமில்லை. ஆமா, இந்தப் பெட்டியை எங்க நிரப்புற?"

ஜூஸ்காரன் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தான். "வீட்டுலதான்" என்றான், பழத்தைப் பார்த்தபடி.

"தினமும்?"

"தினமும்தான். ஒரு யூனிட்டுதானே சார்?"

"ஒரு யூனிட் உனக்குக் குடுக்கும்யா. அது எவ்வளவு குடிக்கும்? இந்தா, ஒரு கிலோ ஆரஞ்சு போட்டா ஒரு கிலோ ஜூஸா வருது உனக்கு? சக்கை போகலை? அதே மாதிரிதான். சூடாகுது, ஃபேன் சுத்துது, அதெல்லாம் சக்கை. ஒண்ணு குடுக்க ஒண்ணேகால் வாங்கும். மேல இருக்கிற பட்டனை அணைக்காம வெச்சேன்னா சும்மா இருந்தே கொஞ்சம் குடிக்கும். அணைக்கிறியா?"

அப்படி ஒரு பட்டனை அணைக்க வேண்டும் என்றே அவனுக்குத் தெரியாது.

"ரெண்டு மாசத்துக்கு எண்பது யூனிட் வெச்சுக்க. எண்பதுக்குக் காசு கம்மிதான், கடைக்காரன் சொன்னது பொய்யில்லை. ஆனா உங்க ரெண்டு வீடும் இத்தனை வருஷமா முதல் படியோட விளிம்புல நின்னுக்கிட்டிருந்தீங்க. இந்த எண்பது உங்களைத் தூக்கி ரெண்டாம் படியில போட்டிருச்சு. அங்க போனா மேல ஏறின எண்பதுக்கு மட்டும் ரேட்டு ஏறாது, அடியிலேர்ந்து மொத்தத்துக்கும் ஏறும். அதான் ரெண்டு மடங்கு. புரியுதா?"

"புரியுது சார்."

"கீழ்வீட்டம்மாகிட்ட சொல்லி, ஏறின காசை நீயே போட்டுக்க. அவங்க பாவம், எதுக்குத் தண்டம் கட்டணும்?" என்று சொல்லிவிட்டு, கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் கிளம்பினார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு ஜூஸ்காரன் ஒருவருக்கு ஐஸே போடாமல் கொடுத்தான், இன்னொருவருக்கு இரண்டு தடவை சர்க்கரை போட்டான். வண்டியில் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்துக் கிழித்துக் குப்பை டப்பாவில் போட்டான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அக்காவிடம் சொல்வதுதான் என்று வழி நெடுக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தபடி வண்டியைத் தள்ளினான். கீழ்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். குனிந்து குனிந்து நிமிர்ந்த அந்த முதுகைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்த சொல்லெல்லாம் ஓடிவிட்டது. 'இருபது நாள் கழித்து வந்து சொல்கிறாயே, அன்றைக்கே உனக்குத் தெரியாதா' என்று கேட்டால் என்ன சொல்வது? அன்றைக்குத் தெரியாது. தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று மாடியேறினான். பெட்டியைச் சுவரில் சொருகினான். சொருகாவிட்டால் மறுநாள் வண்டி ஓடாது.

நாளை என்பது நான்கு நாள் போயிற்று. அந்த நான்கு நாளும் மதியம் ஒரு பெரிய கிளாஸ் ஆரஞ்சு ஜூஸைக் கீழே கொடுத்தனுப்பினான். "அண்ணனுக்குக் குடுங்கக்கா, தெம்பா இருக்கும்." பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகும் என்று அவனுக்கும் ஒரு நம்பிக்கை. நான்காம் நாள் மனைவி கிளாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து மேடையில் ணங்கென்று வைத்தாள்.

"ஜூஸ் குடுத்துக் கழுவிடலாம்னு பார்க்கிறீங்களா? அண்ணனுக்கு முதுகுல புண்ணு வந்துடுச்சு. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

"புண்ணா? மெத்தைதான் இருக்கே?"

"மெத்தையைப் பகல்ல அணைச்சு வெச்சிருக்காங்க, பில்லுக்குப் பயந்து. 'நான் பக்கத்துலதானே இருக்கேன், ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட்டுக்கலாம்னு நினைச்சேன்'னு அழுவுது. மோட்டார் இல்லாம மிதிச்சுத் தைக்கிறதுல ஒரு சட்டைக்கு ரெண்டு சட்டை நேரம் ஆகுது. எங்க எந்திரிச்சுப் புரட்டுறது? போங்க, கீழ போங்க. அவரைத் தூக்கணுமாம், ஒரு கை வேணுமாம்."

அவன் இறங்கினான். பெட்டி சார்ஜில் இருந்தது.

கீழ்வீட்டு உள்ளறை சின்னது. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், தைத்து முடித்த நீலச் சட்டைகள் ஆளுயரத்துக்கு. மருந்து வாடை. கட்டிலில் அவள் புருஷன் கிடந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். அந்த வட்டாரத்தில் எரிந்துபோன மோட்டார் எதுவானாலும் அவர் கைக்குத்தான் வரும். ஸ்குரு டிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, 'பேரிங் போச்சு', 'காயில் ஷார்ட்டு' என்று பிரிக்காமலே சொல்லிவிடுவார். எட்டு மாதத்துக்கு முன்னால் வலது பக்கம் மொத்தமும் இழுத்துக்கொண்டது. பேச்சும் போயிற்று. 'ஆமா' என்பதற்கு ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பார். இல்லை என்றால் மூடாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். அவளுக்கும் அவருக்கும் இடையில் மிச்சமிருந்த பேச்சு அதுதான்.

"தோளைப் பிடிங்க தம்பி. நான் இடுப்பைப் பிடிக்கிறேன். மெதுவா."

எலும்பும் தோலுமாய் இருந்தாலும் அசையாத உடம்பு கல்லாகக் கனத்தது. வலப்பக்கம் புரட்டினார்கள். இடுப்புக்குக் கீழே, நடுவில், உள்ளங்கை அளவுக்குத் தோல் போய்ச் சிவந்திருந்தது. நடுவில் கொஞ்சம் கறுத்திருந்தது. ஜூஸ்காரன் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தான். அவருக்கு அடியில் மெத்தை காற்றில்லாமல் தொளதொளவென்று கிடந்தது. கால்மாட்டில் தொங்கிய அந்தச் சின்ன மோட்டாரின் விளக்கு அணைந்திருந்தது.

அவள் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி மருந்து போட்டாள். அவர் முனகினார். முனகலுக்கு நடுவில், வாயின் ஒரு ஓரத்தால், இழுத்து இழுத்து ஒரு சொல் வந்தது.

"மே... ல."

அவள் கை நின்றுவிட்டது. தோளை உயர்த்தி அதில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா தம்பி? இந்த ரெண்டு மாசமா இதே பேச்சுதான். எட்டு மாசத்துல வந்த ஒரே வார்த்தை. மதியமானா ஆரம்பிச்சுடுவாரு. மேல, மேலன்னு. மேல போகணுமாம். என்னை விட்டுட்டுப் போகணுமாம். நான் உங்களுக்கு என்னங்க குறை வெச்சேன்னு கேட்டா, இன்னும் கண்ணைப் பெருசா வெச்சுக்கிட்டு மேலன்னு சொல்றாரு. இப்ப பாருங்க, இந்தப் புண்ணையும் நானே வர வெச்சுட்டேன். போகணும்னு சொல்றவரை நானே தள்ளிவிட்ட மாதிரி ஆயிடுச்சு."

அவர் நல்ல கை, இடது கை, விரல் ஒன்றை நீட்டியது. கூரையைக் காட்டியது. ஜூஸ்காரன் அண்ணாந்தான். அப்போதுதான் அவன் காதிலும் விழுந்தது. அவன் வீட்டுச் சன்னலோரம், இந்தக் கட்டிலுக்கு நேர் மேலே. தரையைத் துளைத்துக்கொண்டு கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிசாக, விடாமல், உய்ய்ய் என்று.

முப்பது வருஷம் மோட்டாரைக் காதால் பார்த்த மனுஷன். படுத்த இடத்திலேயே பிடித்துவிட்டார். ஊமை கண்ட கனவாக இரண்டு மாதம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கிடைத்த ஒரே சொல்லால் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பில் வந்த அன்றும் சொல்லியிருப்பார். அவள் மோட்டாரைக் கழற்றியபோதும், மெத்தையை அணைத்தபோதும் சொல்லியிருப்பார்.

ஜூஸ்காரன் கூரையிலிருந்து கண்ணை எடுத்தான். இப்போதும் வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் தெரியாது. கட்டிலில் இருப்பவருக்கு மட்டும் தெரியும், அவரால் சொல்ல முடியாது. அந்த நினைப்பு வந்ததே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா. அவரு சாமிகிட்ட போறதைச் சொல்லலைக்கா."

"என்ன?"

"மேல்வீட்டைச் சொல்றாரு. எங்க வீட்டை. காதை வெச்சுக் கேளுங்க. அந்தச் சத்தம் என் பெட்டிதான்க்கா. கரண்ட் வேணாம்னு ஊரெல்லாம் சொன்னேன்ல, அது பொய். அதுக்குத் தினமும் மதியம் சுவத்துல சொருகித்தான் நிரப்புறேன். பில்லு ஏறினது அதாலதான். உங்க மெத்தை ஜீரோ வாட்ஸ் பல்பு அளவுதானாம். ரீடிங் எடுக்கிறவர் சொன்னாரு. சொல்லி நாலு நாளாச்சு. நான் சொல்லாம ஜூஸ் குடுத்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு நீங்க மாடிக்கு வந்தப்ப என்ன சத்தம்னு கேட்டீங்கள்ல? அப்பவே சொல்லியிருக்கணும்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நின்றான். அடிக்கட்டும், காறித் துப்பட்டும், பாவி என் வீட்டைக் கெடுத்தாயே என்று தெருவைக் கூட்டட்டும். அதற்காகத்தான் தலை குனிந்து நின்றான். அது நடந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருந்தது.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மருந்துக் கையோடு கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஓடி, புருஷன் முகத்துக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க. மாடியையா சொன்னீங்க? தம்பி வீட்டுச் சத்தத்தையா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"சாகணும்னு சொல்லலையா? என்னை விட்டுட்டுப் போகணும்னு சொல்லலையா?"

அவர் மூடாமல் அவளையே பார்த்தார்.

"ஐயோ, மண்டு மண்டு!" என்று அவள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். மருந்து நெற்றியெல்லாம் ஆயிற்று. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ரெண்டு மாசமா மனுஷன் கரண்டைப் பத்திப் பேசுறாரு, நான் காலனைப் பத்திப் பேசுறாருன்னு ஒப்பாரி வெச்சுக்கிட்டிருக்கேன்! சாப்பாடு ஊட்டும்போதெல்லாம் அழுது, உங்க வாயில என் கண்ணீரைத்தானே ஊட்டினேன்!" அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து கால்மாட்டுக்கு வந்து மோட்டாரின் சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. மெத்தை ஒரு வரி விட்டு ஒரு வரியாக மெல்லப் புடைக்கத் தொடங்கியது.

அப்புறம்தான் அவளுக்கு ஜூஸ்காரன் அங்கே நிற்பதே ஞாபகம் வந்தது.

"நல்லவேளை சொன்னீங்க தம்பி. நீங்க சொல்லலைன்னா சாகுற வரைக்கும் நான் இப்படியேதான் நினைச்சுக்கிட்டிருப்பேன். நல்லா இருப்பீங்க."

"அக்கா, என்னைத் திட்டுங்கக்கா. அந்தக் காசை நாளைக்கே..."

"காசு கிடக்குது தம்பி, காசு. அது பெருசா இப்ப?"

அவன் கண் புண்ணை ஒற்றிப் போட்டிருந்த துணியின் மேல் போயிற்று. அவள் நல்லா இருப்பீங்க என்றது காதில் விழ விழ உடம்பு கூசியது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கட்டிலோரம் வந்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"அண்ணே. தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்கண்ணே."

"அவரு எப்பவோ மன்னிச்சிருப்பாரு. அவரு மனசு எனக்குத் தெரியாதா?" என்று அவள் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "என்னங்க, தம்பியை மன்னிச்சிட்டீங்கதானே?"

காயில்காரர் ஜூஸ்காரனைப் பார்த்தார். அவன் காத்திருந்தான். மேலே பெட்டி நிரம்பியிருக்க வேண்டும், சத்தம் நின்றிருந்தது. அவர் கண்ணை மூடாமல் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.